வெங்காயப் பாத்தியில் நிற்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

மகாஇலுப்பள்ளமப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து நீ அனுப்பிய வெங்காயப் பரிசோதனைப் படங்களை அப்பாவும் நானும் பார்த்தோம். எந்தப் பாத்திக்கு எவ்வளவு யூரியா என்று சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தீர்கள் என்பது அப்பாவுக்குப் பெரிய புதினம். "பசளையே போடாமல் ஒரு பாத்தியோ?" என்று கேட்டபடி இருந்தார்.

அந்தப் பாத்தி வெளிறி நிற்பதைப் பார்க்க உனக்கு மனம் கேட்காது. தோட்டக்காரர் பிள்ளை அல்லவா. ஆனாலும் கை வைக்காதே. யூரியாவால் விளைந்தது எவ்வளவு, மண் தானாகத் தந்தது எவ்வளவு என்று அது இல்லாமல் சொல்ல முடியாது. இங்கே குத்தகைக் காணியில் நகையை அடகு வைத்து வெங்காயம் நட்டவரிடம், பசளையைக் குறைத்துப் பார் என்று யார் சொல்வது? பயத்தில் ஒரு பிடி கூடத்தான் போடுவார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவரால் செய்து பார்க்க முடியாததைச் செய்யத்தானே உங்களை அங்கே விட்டிருக்கிறார்கள்.

அந்தக் கூடுதல் பிடிதான் என் கவலை. நம் யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம். மாரி மழை கீழே இறங்கித்தான் கிணறு ஊறுகிறது. யூரியா நைத்திரேற்றாக மாறிவிட்டால் மண் அதைப் பிடித்து வைக்காது. தண்ணீரோடு கல்லிடுக்கால் இறங்கிவிடும். குடிதண்ணீரில் லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் இருக்கின்றன. பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் அதில் ஆபத்து அதிகம்.

இரசாயனவியல் படிப்பித்த பழக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். 50 மில்லிகிராம் நைத்திரேற்றில் நைதரசன் 11 மில்லிகிராம். யூரியாவில் நைதரசன் 46 வீதம். ஒரு பரப்பு (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) வெங்காயத்துக்கு, லீட்டருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள தண்ணீரை அறுவடை வரைக்கும் ஒரு லட்சம் லீட்டர் இறைத்தால், கிட்டத்தட்ட 2.4 கிலோ யூரியாவில் உள்ள நைதரசன் தண்ணீரோடேயே பாத்திக்கு வந்துவிடுகிறது! அப்பா நம்பவில்லை. தாளில் போட்டுக் காட்டிய பிறகுதான் பேசாமல் இருந்தார்.

அதனால் பிள்ளை, நீங்கள் பாய்ச்சும் தண்ணீரையும் பரிசோதிக்கலாமா என்று உன் மேற்பார்வையாளரிடம் கேள். அங்கே செங்கபில மண், தண்ணீரும் வேறு. அங்கே சரிவரும் யூரியா அளவு நம் உரும்பிராய்ச் செம்மண்ணுக்கு அப்படியே சரிவரும் என்று நான் நினைக்கவில்லை. இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஆராய்ச்சி நிலையத்திலும் இதே பரிசோதனையைச் செய்ய வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதே.

அப்புறம், அளந்ததை வயலில் நின்றபடியே எழுது. இரவில் ஞாபகத்தில் இருந்து எழுதாதே. செத்த பயிரையும் எண்ணி எழுது.

லீவில் வரும்போது சுத்தமான போத்தல்கள் கொண்டு வா. நம் கிணற்றிலும் பக்கத்துத் தோட்டக் கிணற்றிலும் தண்ணீர் எடுத்துத் தருகிறோம். ஐஸ் பெட்டிக்கு அப்பா சொல்லி வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா