பாப்பாவின் கழுத்தைப் பற்றி

அன்பு மகளுக்கு,

பாப்பாவைக் கைரோபிராக்டிக் சிகிச்சைக்கு, அதாவது முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அழுத்தித் திருப்பும் வைத்தியத்துக்கு, கூட்டிப் போகலாமா என்று கேட்டாய். போனில் பேசினால் பாதியிலேயே இரண்டு பேருக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடமும் படிக்கக் கொடு.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாம் அம்மா. அவள் கழுத்தைத் திருகவோ நெட்டி எடுக்கவோ யாரையும் விடாதே. நீ கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளை இடது கையைத் தூக்க முடியாமல் தவிப்பதைத் தினமும் பார்க்கிற தாய் எதைத்தான் விசாரிக்க மாட்டாள்? அவசர அவசரமாகப் பார்த்து அனுப்பும் டாக்டரைவிட, உட்கார வைத்து நிதானமாகப் பேசுகிறவர் மேல் நம்பிக்கை வருவதும் இயல்புதான்.

ஆனால் பாப்பாவின் கஷ்டத்துக்குக் காரணம் என்று அந்தக் கைரோபிராக்டர் சொல்லும் "நரம்பு அடைப்பு" எங்கே இருக்கிறது? பாப்பாவின் எம்.ஆர்.ஐ. படத்தை நானும் பார்த்தேன். பிறந்த சமயத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டு, மூளையின் வலப்பக்கத்தில் ஒரு பகுதி சேதமாகியிருக்கிறது. இடது கையின் பலவீனமும் வலிப்பும் அங்கிருந்து வருபவை. முதுகெலும்பு நேராக, நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதை அழுத்திச் சரிசெய்தால் மூளைக் காயம் எப்படி ஆறும்?

இந்த வைத்தியம் 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் ஊரில் தொடங்கியது. டி.டி. பால்மர் என்பவர், காது கேளாத ஒரு தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தி அவருக்குக் காது கேட்க வைத்ததாகச் சொன்னார். முள்ளெலும்பு இடம் மாறி நரம்பைத் தடுப்பதுதான் பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்ற கொள்கையும் அவருடையதே. காது கேட்கும் நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை, மண்டையோட்டுக்குள்ளேயே மூளையைச் சேர்ந்துவிடுகிறது. பெரியவர்களின் இடுப்பு வலிக்கு இந்தச் சிகிச்சை ஓரளவு உதவுகிறது, அதை நான் மறுக்கவில்லை. குழந்தையின் மூளைப் பாதிப்புக்கு உதவும் என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் கிடையாது.

வேலைக்காலம் முழுவதும் எக்ஸ்ரே அறையில் இருந்தவன் நான். சின்னக் குழந்தையின் கழுத்துப் படத்தில் எலும்புகள் துண்டு துண்டாகத் தெரியும். நடுவில் இருப்பது குருத்தெலும்பு, படத்தில் விழாது. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளின் துண்டுகள் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளவே ஆறேழு வயது ஆகிறது. பிணைக்கும் நார்கள் தளர்வாக இருக்கும், தலையோ உடம்புக்குப் பெரியது. பாப்பாவுக்குத் தசைகளின் இறுக்கம் வேறு இருபக்கமும் சமமாக இல்லை. அப்படிப்பட்ட கழுத்தைச் சட்டென்று திருப்புவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

குழந்தைகளுக்கு முதுகெலும்பை அழுத்தியதால் வந்த கேடுகளை 2007-இல் ஓர் ஆய்வு தொகுத்தது. நேரடியாகப் பாதிக்கப்பட்டதாகப் பதிவானவர்கள் 14 பேர். அதில் 9 பேருக்குக் கடுமையான பாதிப்பு, மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு, கால்கள் செயலிழப்பு என்று. எண்ணிக்கை குறைவுதான். என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு எண்: நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமானது, செய்யக்கூடாத நிலையில் அழுத்தியது என்று மேலும் 20 குழந்தைகள். ஆஸ்திரேலியாவில் கைரோபிராக்டர்களின் சொந்த வாரியமே, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைச் செய்யக்கூடாது என்று 2019-இல் நிறுத்திவைத்தது. இடையில் தளர்த்தி, 2024-இல் மறுபடியும் தடுத்தது.

"அழுத்தவே மாட்டோம், விரல் நுனியால் தொடுவோம்" என்று சொல்வார்கள். அதில் ஆபத்து குறைவு, சரி. அந்தத் தொடுதல் எதைக் குணமாக்குகிறது என்று கேட்டுப் பார். பாப்பா வளரும் குழந்தை. எதுவும் செய்யாவிட்டாலும் ஆறு மாதத்தில் புதிதாகச் சிலது கற்றுக்கொள்வாள். வலிப்பும் சில வாரம் கூடும், சில வாரம் அடங்கும். அந்த நேரத்தில் யார் கையில் இருக்கிறாளோ அவருக்கே பேர் போகும். மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால் இதை நினைத்துக்கொள்.

வலிப்பு மருந்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு உடனே எழுந்து வந்துவிடு. திடீரென நிறுத்தினால் அடங்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவள் கற்றதை மறக்க ஆரம்பித்தாலோ, காலையில் தலைவலியோடு வாந்தி எடுத்தாலோ, நடை புதிதாகத் தடுமாறினாலோ நேராக நரம்பியல் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

உன்னிடம் இருக்கும் நேரமும் தெம்பும் அளவானவை. அவை அவள் கைக்குப் போகட்டும் என்பதுதான் என் ஆசை. நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையாலேயே பிடிக்கவும் எடுக்கவும் பழக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. பாப்பாவைப் போல மூளைச் சேதத்தால் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பலவீனமான குழந்தைகளுக்கு (செரிப்ரல் பால்சி என்பார்கள்) அதனால் பலன் உண்டு என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாப்பாவுக்கு அதைத் தொடங்கலாமா, எத்தனை மணி நேரம், வீட்டில் நாம் என்ன செய்யலாம் என்று தெரபிஸ்டிடம் கேள். இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எப்போது எடுக்க வேண்டும் என்றும் கேட்டு வை.

கைரோபிராக்டிக் பற்றிய எண்ணத்தை டாக்டரிடம் மறைக்காதே. திட்டுவார் என்று பயந்தால் நான் கேட்கிறேன். அடுத்த முறை பார்க்கப் போகும் தேதியை அனுப்பு, முந்தின நாளே வந்துவிடுகிறேன். பயிற்சியை எனக்கும் சொல்லித் தரட்டும். நான் இருக்கும் நாட்களில் பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கொஞ்சம் தூங்கு.

அன்புடன்,
அப்பா