சேமித்த ஆண்டு யாருக்குப் போனது? பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் திரு. பாப் நட்டிங் அவர்களுக்கும், பொது மேலாளர் திரு. பென் செரிங்டன் அவர்களுக்கும், தொடக்க நாளுக்கான 26 பேரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் உள்ள அனைவருக்கும்,

வணக்கம்.

2008 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்னும் இரண்டு ஈட்டி எறியும் இளைஞர்களை உங்கள் அணி ஒப்பந்தம் செய்தது. அந்தச் செய்தியை இந்தியாவில் படித்தபோதுதான் பைரேட்ஸ் என்ற பெயரே எனக்கு அறிமுகமாயிற்று. சிறிது காலத்துக்கு முன்புவரை பேஸ்பால் ஆடியே அறியாத இருவரை, கையில் வேகம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நம்பி ஏற்றுக்கொண்ட அணி எப்படிப்பட்டதாக இருக்கும் என்று அன்று வியந்தேன். அவர்கள் உச்ச நிலையான மேஜர் லீக் வரை வரவில்லை என்பது பிறகு நடந்தது. பின்னாளில் வேலை என்னை இந்த ஊருக்கே கொண்டுவந்து சேர்த்தது. காலையில் பென் ஹில்ஸ் வேங்கடேசுவரர் கோயிலுக்கும் மாலையில் உங்கள் அணியின் அரங்கமான பி.என்.சி. பார்க்குக்கும் போய்வருகிற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆங்கிலத்தில் உங்களுக்கு மடல் எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு உணவு மேசையில் இந்த அணியைப் பற்றிப் பேசப்படும் மொழியிலேயே எழுதினால்தான் நான் நினைப்பதை முழுமையாகச் சொல்ல முடியும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

2026 பருவம் தொடங்கும் முன் நீங்கள் முடிவு செய்ய வேண்டியவற்றுள் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல். பிராடென்டன் பயிற்சி முகாமில் இருக்கும் கானர் கிரிஃபின் தொடக்க நாளன்று ஷார்ட்ஸ்டாப் இடத்தில் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே) நிற்க வேண்டுமா, இல்லையா? அந்தக் கேள்விக்கு ஆடுகளத்தை மட்டும் பார்த்து விடை காணுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாள்காட்டியைப் பார்த்து விடை காண வேண்டாம்.

அவரைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அணிகள் புது வீரர்களை முறை வைத்து எடுத்துக்கொள்ளும் ‘டிராஃப்ட்’ எனும் ஆண்டுத் தேர்வில், 2024-இல் 9-ஆவது வீரராக, பள்ளிப் படிப்பை முடித்த கையோடு எடுக்கப்பட்டவர். 2025-இல், மேஜர் லீகுக்குக் கீழுள்ள மைனர் லீகின் மூன்று படிகளை ஒரே பருவத்தில் கடந்து, .333 சராசரியுடன் 21 ஹோம் ரன்களை அடித்தார்; 65 தளங்களைத் திருடினார். அப்போது வயது 19. நாட்டின் இளம் வீரர் பட்டியல்களில் முதலிடத்தில் வைத்துப் பேசப்படுகிறவர். மறுபக்கம், 2025 முடியும்வரை அவர் மைனர் லீகின் உச்சிப் படியான டிரிபிள் ஏ-யில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை; அதற்கு அடுத்த கீழ்ப்படியான டபுள் ஏ-யில் ஆடியதும் சில வாரங்களே.

இந்த முகாம் காலத்தில் நான் கேட்கும் விவாதங்களில் பாதிக்கு மேல் அவருடைய மட்டைவீச்சைப் பற்றியவை அல்ல. 172 என்ற எண்ணைப் பற்றியவை. ஒரு பருவத்தில் 172 நாள் மேஜர் லீக் பட்டியலில் இருந்த வீரருக்கு ஓராண்டுப் பணிக்காலம் கணக்கில் ஏறும். அப்படி 6 ஆண்டுகள் நிறைந்தால் அவர் எந்த அணியுடனும் பேசும் உரிமை பெறுவார். பருவம் ஏறத்தாழ 187 நாள் நீள்கிறது. எனவே தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமாக ஒருவரை நம் டிரிபிள் ஏ அணி ஆடும் இண்டியனாபொலிஸுக்கு அனுப்பி வைத்துவிட்டால், 6 ஆண்டு என்பது நடைமுறையில் ஏறக்குறைய 7 ஆண்டாகிவிடும். என்னோடு பணிபுரியும் நண்பர் ஒருவர், தலைமுறை தலைமுறையாக இந்த அணியைப் பின்தொடர்ந்து வரும் குடும்பத்தில் பிறந்தவர், ஏப்ரல் நடுவில் கிரிஃபினைக் கொண்டுவருவதே அறிவுடைமை என்று வாதாடுகிறார். 19 வயதில் 16 நாள் ஆடுவதால் கிடைக்கும் வெற்றிகளையும், உடலும் அனுபவமும் முதிர்ந்த 26 வயதில் ஒரு முழு ஆண்டு ஆடுவதால் கிடைக்கும் வெற்றிகளையும் எதிரெதிரே வைக்கிறார். எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று வீரர் தருவதைவிட இவர் எத்தனை வெற்றியைக் கூடுதலாகத் தருவார் என்று கணக்கிடும் ‘வார்’ அளவீட்டின்படி பார்த்தால், காகிதத்தில் அவர் சொல்வது சரிதான். நானும் பல ஆண்டுகள் அதே கணக்கைத்தான் போட்டுவந்தேன்.

அந்தக் கணக்கு ஒன்றை உறுதி என்று எடுத்துக்கொள்கிறது. ஏழாவது ஆண்டில் அந்த வீரர் நம்மிடம்தான் இருப்பார் என்பதே அது. நம் அணியின் வரலாறு அதற்கு உத்தரவாதம் தரவில்லை.

பிட்சர் (பந்து வீசுபவர்) கெரிட் கோலை நினைத்துப் பாருங்கள். 2011 தேர்வின் முதல் வீரர். 2013 ஜூன் மாதம்தான் அவர் நம் அணிக்கு வந்தார். அந்தப் பருவத்தின் தொடக்க நாளிலேயே வந்திருந்தால் 2018-இன் முடிவில் அவருடைய 6 ஆண்டு நிறைந்திருக்கும். ஜூனில் வந்ததால் அது 2019-இன் முடிவுக்குத் தள்ளிப்போயிற்று. ஓராண்டு கூடுதலாகக் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் 2018 ஜனவரியில் அவரை ஹூஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கூடுதல் ஆண்டான 2019-இல் அவர் 20 வெற்றிகளும் 326 ஸ்ட்ரைக்அவுட்களும் எடுத்து, ஹூஸ்டனை இறுதிப் போட்டியான உலகத் தொடர் வரை கொண்டுபோனார். நாம் இங்கே ஏப்ரலும் மேயும் அவரைப் பார்க்காமல் காத்திருந்து சேமித்த ஆண்டை வேறோர் ஊர் மக்கள் கண்டு மகிழ்ந்தார்கள். திரு. செரிங்டன் அவர்களே, இது நீங்கள் பொறுப்பேற்பதற்கு முன் நடந்தது. இதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஓர் இளைஞனை நிறுத்திவைப்பது நம் ஊருக்கு நன்மை என்று ரசிகர்களிடம் சொல்லப்படும்போதெல்லாம் எனக்கு 2019 நினைவுக்கு வருகிறது.

சிகாகோவிலும் இதுவே நடந்தது. 2015 பயிற்சி முகாமில் கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட் .425 சராசரியுடன் 9 ஹோம் ரன்கள் அடித்தார். ஆயினும் அவரை மைனர் லீகுக்கு அனுப்பி, ஏப்ரல் 17 அன்று வரவழைத்தார்கள். பருவ முடிவில் அவர் கணக்கில் இருந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. வீரர் சங்கத்தின் முறையீடு 2020-இல் அணிக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அப்படிப் பெற்ற கூடுதல் ஆண்டு 2021. அந்த ஆண்டின் ஜூலையிலேயே கப்ஸ் அணி அவரை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டது. சிறந்த புதுமுக வீரர் விருதையும், அடுத்த ஆண்டே மிக மதிப்புமிக்க வீரர் விருதையும் வென்ற ஒருவரோடு அத்தனை ஆண்டு மனக்கசப்பை வளர்த்துக்கொண்டு, அதற்கு ஈடாகக் கிடைத்தது ஓராண்டுகூட இல்லை, நான்கு மாதம்.

இனி நம் பால் ஸ்கீன்ஸ். 2023 தேர்வின் முதல் வீரரான அவர் 2024 பருவத்தை இண்டியனாபொலிஸில் தொடங்கினார். முந்தைய ஆண்டு தொழில்முறையில் ஏழு இன்னிங்ஸ்கூட வீசியிராத கையைப் படிப்படியாகப் பழக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். பிட்சர்களைப் பொறுத்தவரை அது மறுக்க முடியாத காரணம் என்றே இன்றும் நினைக்கிறேன். மே 11 அன்று அவர் முதன்முதலாக வீசிய ஆட்டத்தை மழை நெடுநேரம் தடுத்து நிறுத்தியும், நாங்கள் இருக்கையை விட்டு எழவில்லை. ஆயினும் விளைவு என்ன? லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே 2022-இல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தின்படி, சிறந்த புதுமுக வீரர் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடங்களைப் பெறுபவருக்கு, அவர் எப்போது வந்திருந்தாலும் முழு ஆண்டுப் பணிக்காலம் வழங்கப்படும். ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.96 ஓட்டம் மட்டுமே விட்டுக்கொடுத்த சராசரியுடன் ஸ்கீன்ஸ் அந்த விருதை வென்றார். முழு ஆண்டையும் பெற்றார். அதே ஒப்பந்தம், மிகச் சிறந்த இளைஞரைப் பருவம் முழுவதும் ஆட வைத்து, அவர் விருது வென்றால், அணிக்குத் தேர்வில் ஒரு கூடுதல் வாய்ப்பைத் தருகிறது. அவர் மே மாதம்தான் வந்தார் என்பதால் நமக்கு அதுவும் கிடைக்கவில்லை. சியாட்டில் அணி 2022-இல் ஹூலியோ ரொட்ரிகஸைத் தொடக்க நாளிலேயே இறக்கி அந்த வாய்ப்பைப் பெற்றது. ஆகவே நாள்களை எண்ணுவது பழைய காலத்தில் ஒருவேளை ஆதாயமாக இருந்திருக்கலாம். இன்றைய விதிகளின் கீழ், கிரிஃபின் அளவுக்குத் திறமை உள்ள ஒருவர் விஷயத்தில், அது சூதாட்டமாகவே முடியும்.

தயாராகாத பையனை அவசரப்பட்டு இறக்கினால் அவன் கெட்டுப்போவான் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. 2024 ஏப்ரலில் பால்டிமோர் அணி 20 வயது ஜாக்சன் ஹாலிடேவை வரவழைத்தது. முதல் 34 வாய்ப்புகளில் அவருக்குக் கிடைத்தவை 2 ஹிட்கள் மட்டுமே. திருப்பி அனுப்பினார்கள். ஜூலை முடிவில் மீண்டும் வந்தார், 2025-இலும் தொடர்ந்து ஆடினார். திருப்பி அனுப்புவது அவமானமும் அன்று, பேரழிவும் அன்று. 1989-இல் கென் கிரிஃபி ஜூனியர் 19 வயதில் சியாட்டிலின் தொடக்க நாள் ஆட்டத்தில் நின்றார். அந்த ஆண்டு அவருடைய சராசரி .264தான். யாரும் அதை வீணான ஆண்டு என்று சொல்லவில்லை.

கிரிஃபின் உண்மையிலேயே தயாராகவில்லை என்று உங்கள் பயிற்சியாளர்கள் கருதினால், அதை நான் ஏற்பேன். முகாமில் அவரை நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்கள், நான் அல்ல. ஆனால் எதில் குறை என்பதைச் சொல்லுங்கள். வளைந்து விலகும் பந்துகளைத் துரத்துகிறாரா, இடப்பக்கம் ஆழத்திலிருந்து எறியும் எறிதலில் துல்லியம் போதவில்லையா, வேகப்பந்துக்கு மட்டை தாமதிக்கிறதா? அவற்றில் எது என்று சொன்னால், அது சரியானதும் அவர் வருவார் என்று நாங்கள் நம்பிக் காத்திருப்போம். ‘வளர்ச்சிக்கு இன்னும் காலம் தேவை’ என்ற பொதுச் சொற்களை 2022-இல் நம் ஒனீல் க்ரூஸ் ஜூன் 20 வரை இண்டியனாபொலிஸில் இருந்தபோது நிறையக் கேட்டுவிட்டோம். அந்தச் சொற்களை இங்கே இனி யாரும் நம்புவதில்லை.

நாள்களை எண்ணும் தேவையையே ஒழிக்க ஒரு வழி இருக்கிறது. அதை நம் பிரிவிலேயே ஆடும் மில்வாக்கி அணி காட்டியிருக்கிறது. நம்மைப் போலவே சிறிய சந்தையில் இயங்கும் அந்த அணி, 2023 டிசம்பரில், மேஜர் லீகில் ஒரு பந்தையும் சந்திக்காத ஜாக்சன் சூரியோவுக்கு 8 ஆண்டுகளுக்கு 8 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் தந்தது. 2024 தொடக்க நாளில் 20 வயதான சூரியோ களத்தில் நின்றார். 21 ஹோம் ரன்கள் அடித்தார். மில்வாக்கி பிரிவை வென்றது. அவர் எத்தனை நாள் பட்டியலில் இருந்தார் என்று அந்த ஊரில் யாரும் எண்ண வேண்டியிருக்கவில்லை. நம் வீரர் பிரையன் ரெனால்ட்ஸுக்கு 10 கோடியே 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தந்தவர்கள் நீங்கள். மிட்ச் கெல்லருக்கு 7 கோடியே 70 லட்சம் தந்தவர்கள். கிரிஃபினோடும் அப்படிப் பேசுங்கள் என்று கேட்கிறேன். அவர் சம்மதிக்காவிட்டால், அது அவருடைய உரிமை. அதற்காக அவரை மைனர் லீகில் காக்க வைப்பது முறையன்று.

இந்த ஆண்டு இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025-இல் ஸ்கீன்ஸ் 1.97 சராசரியுடன் வீசி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதாகப் பெற்றார். ஆனாலும் அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு 10–10. அணி முழுவதும் சேர்ந்து அடித்த ஹோம் ரன்கள் 117. மேஜர் லீகின் 30 அணிகளில் அதுவே மிகக் குறைவு. அதை உணர்ந்துதான் நீங்கள் பிராண்டன் லோவை வாங்கினீர்கள், ரையன் ஓ’ஹெர்னுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் தந்தீர்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு மட்டையாளர்களுக்காகச் செலவிடும் மனத்தை உங்களிடம் கண்டு நான் உளமார மகிழ்ந்தேன். ஸ்கீன்ஸ் 2029 முடிவில், எந்த அணியுடனும் பேசக்கூடிய சுதந்திர வீரராவார். இந்தப் பருவத்தையும் சேர்த்தால் நான்கு பருவங்கள் இருக்கின்றன. அவர் இங்கே இருக்கும்போது ஒவ்வொரு வாரமும் எங்களுக்குப் பெரிது. கிரிஃபினுடைய ஏழாவது ஆண்டு 2032-இல் வரும். அப்போது ஸ்கீன்ஸ் எந்த ஊரில் வீசிக்கொண்டிருப்பாரோ, தெரியாது.

மார்ச் இறுதியில் பட்டியலை அறிவிக்கும் நாளில் கிரிஃபினின் பெயர் அதில் இருந்தால் நான் மீண்டும் எழுத வேண்டியிருக்காது. இல்லாவிட்டால், திரு. செரிங்டன் அவர்களே, காரணத்தை நீங்களே நேரில் சொல்லுங்கள். அவர் எந்தப் பந்தை அடிக்கவும் எந்த எறிதலைத் திருத்தவும் கற்க வேண்டும் என்று பெயரிட்டுச் சொல்லுங்கள். ஏப்ரல் நடுவில் அவரை வரவழைத்தால், அந்த இரண்டு வாரத்தில் அவர் என்ன கற்றுக்கொண்டார் என்பதையும் சொல்லுங்கள்.

மதிப்புடன்,
பிட்ஸ்பர்கில் வாழும் ஒரு தமிழ் ரசிகர்