சமையல் அக்காவிடம் முதலில் மன்னிப்பு, பிறகு எல்லோருக்கும் நன்றி

எங்கள் முதியோர் இல்லத்துக்குத் துணை நின்ற அனைவருக்கும் வணக்கம்.

'பார்வையாளர்கள் வர வேண்டாம்' என்று கேட்டில் தொங்கிய அட்டையை நேற்றுக் காலைதான் கழற்றினோம். இங்கே இருக்கும் 34 பேரில் 19 பேருக்கும், பணியாளர்களில் 6 பேருக்கும் வாந்தியும் பேதியும் வந்து போயின. இரண்டு பேரை 108-ல் ஏற்றி அனுப்ப வேண்டி வந்தது. இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். இன்று காலை அவரவர் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள்.

நன்றி சொல்வதற்கு முன் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். முதல் ராத்திரி இரண்டு மணி நேரத்துக்குள் நான்கு பேர் அடுத்தடுத்து வாந்தி எடுத்தபோது, நான் நேரே சமையலறைக்குப் போய், 'சாம்பார்ல என்ன போட்டீங்க?' என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். ஒன்பது வருடமாக எங்களுக்குச் சமைத்துப் போடுகிற அக்கா பதில் பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கொதித்து ஆறிய வெந்நீரைக் குடத்தோடு தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போனார். அக்கா, தப்பு என்னுடையது. உங்கள் மேல் துளியும் குற்றமில்லை என்பதை எழுத்தில் வைக்கத்தான் இந்த மடலைத் தொடங்கினேன்.

அது சமையலால் வந்ததில்லை என்று காட்டியவர் எங்கள் பகுதி சுகாதார ஆய்வாளர். மறுநாள் காலை ஏழரை மணிக்கே வந்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டார். யார், எந்தக் கட்டில், எத்தனை மணிக்கு முதல் வாந்தி, முந்தின இரண்டு நாளில் என்ன சாப்பிட்டார், எந்தக் கழிப்பறைக்குப் போனார், யார் தொட்டுத் தூக்கினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். சாம்பாரைத் தொடாமல் கஞ்சி மட்டும் குடிக்கிற படுக்கைப் பாட்டிக்கு வந்திருந்தது. இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மேற்கு ஹாலில் ஒருவருக்கும் இல்லை. வந்த அத்தனை பேரும் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துகிற, ஒரே ஆயாக்கள் பார்க்கிற வரிசை. ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு தாத்தாவுக்கு முந்தின நாள் வயிறு சரியில்லை. பிரயாணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் விட்டுவிட்டோம். நோட்டை மூடிவிட்டு, 'இது கை வழியா வர்றது சார், நோரோ வைரஸா இருக்கலாம்' என்றார். தொற்றி 12 முதல் 48 மணி நேரத்துக்குள் தலைகாட்டுமாம், கணக்கு பொருந்தியது. மல மாதிரியின் முடிவு பின்னால்தான் வந்தது, அவர் சொன்னபடியே. அதற்காகக் காத்திராமல் அன்றைக்கே வேலையைத் தொடங்கவைத்தாரே, அதற்குத்தான் பெரிய நன்றி.

வாசலுக்கு வாசல் சானிடைசர் வைத்திருந்தோம். கொரோனாக் காலத்துப் பழக்கம், அதை நம்பியே இருந்தோம். இந்த வைரஸுக்கு ஆல்கஹால் அவ்வளவாக வேலை செய்யாது, சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் என்று சொன்னவர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர். பினாயிலையும் நம்ப வேண்டாம், பிளீச்சிங் பவுடரை எடைபோட்டுக் கரைத்துத் துடையுங்கள் என்றார். எதிர்க்கடை அண்ணாச்சி தன் தராசையே கொடுத்தார். திறந்து வைத்த பிளீச்சிங் பவுடரில் வீரியம் போயிருக்கும் என்று, பிரிக்காத பொட்டலமாகத் தேடி எடுத்துத் தந்தார். 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடர், லிட்டருக்கு 17 கிராம், அன்றன்றைக்குக் கரைத்தது.

இனி எங்கள் துப்புரவுப் பணியாளர்கள் இருவர். வாந்தி விழுந்த இடத்தில் அவர்கள் வேலை செய்ததை அருகில் நின்று பார்த்தேன். மாஸ்க், கையுறை, ஏப்ரன். ஜன்னலைத் திறந்துவிட்டு, முதலில் பழைய செய்தித்தாளை மேலே போர்த்தி, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒதுக்கி அள்ளிப் பைக்குள் கட்டினார்கள். பிறகு அந்தக் கரைசலை ஊற்றி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் அப்படியே விட்டார்கள். துடைப்பத்தை எடுக்கவே இல்லை. பெருக்கினால் தெறிக்கும், தெறித்தால் பரவும். கதவுக் கைப்பிடி, கட்டில் கம்பி, குழாய்த் திருகு, ஸ்விட்ச், வாக்கரின் பிடி என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை துடைத்தார்கள். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. இந்த வேலைக்கு நாம் கொடுக்கிற சம்பளமும் மரியாதையும் போதாது.

ஆயாக்களில் ஒருவர் மூன்றாம் நாள் விடிகாலை ஐந்து மணிக்குப் போன் செய்தார். 'சார், ராத்திரி ரெண்டு தடவ வாந்தி. ஆள் இல்லைன்னா வந்துடறேன்.' தினக்கூலி அவருக்கு. மறைத்துவிட்டு வந்திருக்கலாம், பல இடங்களில் அப்படித்தான் வருகிறார்கள். கடைசி வாந்தியோ பேதியோ நின்ற பிறகும் 48 மணி நேரம் வரக் கூடாது என்பது மருத்துவர் சொன்ன கணக்கு. அவருக்கும் மற்ற ஐவருக்கும் வராத நாட்களுக்கும் கூலி தர அறங்காவலர்கள் அன்றே ஒப்புக்கொண்டார்கள். நோயைத் தடுத்ததில் அந்தப் பணத்துக்குப் பிளீச்சிங் பவுடருக்குச் சமமான பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

மருத்துவர் அம்மா ஒவ்வொருவருடைய மாத்திரைச் சீட்டையும் வாங்கிப் பார்த்தார். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, உடம்பில் நீர் வற்றுகிற இந்த நேரத்தில் எதை நிறுத்தி வைப்பது, எப்போது மறுபடி தொடங்குவது என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். இளைஞர்களுக்கு இரண்டு மூன்று நாளில் போய்விடுகிற நோய்தான். எண்பது வயதில் நாக்கு வறண்டு, சிறுநீர் நின்று, பேச்சுக் குழறினால் அது வேறு கதை. பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்த நர்சிங் மாணவிகள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். கரைத்து, டம்ளரில் கொடுக்காமல் ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினார்கள். ஒரு பாட்டி வாயை இறுக மூடிக்கொண்டார். 'அம்மாச்சி, ஒரே ஒரு வாய்' என்று அந்தப் பெண் சொன்னதை அன்று ராத்திரி எத்தனை முறை கேட்டேனோ. விடியும்போது முக்கால் லிட்டர் உள்ளே போயிருந்தது.

அந்தப் பொட்டலத்துக்காக இன்னொருவரையும் வணங்க வேண்டும். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் உள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சலைன் போதாமல் போனபோது, உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே கொடுக்கவைத்தவர் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ். 2022-இல் காலமானார். எங்கள் பாட்டிக்கு ஊட்டிய ஸ்பூன் அங்கிருந்து வந்தது.

உறவினர்களுக்கும் நன்றி. வர வேண்டாம் என்றதும் கோபப்படாமல் காத்திருந்தீர்கள். ஒரு மகள் தினமும் மாலை மதிலுக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டுப் போனார். சலவை அண்ணன், துணியை உதறாமல் அறையிலேயே பையில் கட்டி வாங்கிப்போய், தனியாகக் கொதிநீரில் போட்டார்.

நோய் நின்ற பிறகும் மலத்தில் இரண்டு வாரமோ அதற்கு மேலோ வைரஸ் வெளியேறலாம் என்பதால் சோப்பும் கரைசலும் இன்னும் தொடர்கின்றன. ஆய்வாளரின் அந்த நாற்பது பக்க நோட்டு ஆபீஸ் மேசையில் இருக்கிறது. வேறு இல்லத்தார் யார் கேட்டாலும், பெயர்களை மறைத்து நகல் எடுத்துத் தருகிறோம்.

நன்றியுடன்,
இல்ல மேலாளர்