ஆவிக்குரிய போரும் வேத வாசிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆவிக்குரிய போராட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பவுல் எழுதிய எபேசியர் நிருபத்தின் 6ஆம் அதிகாரத்திலுள்ள சர்வாயுதவர்க்கத்தை (பிசாசை எதிர்த்து நிற்கத் தேவன் தரும் போர்க்கவசத்தை) மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய அதிகாரங்களை விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நம் போராட்டம் ‘மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல’, அதாவது மனிதரோடல்ல, என்று பவுல் தெளிவாக எழுதியிருக்க, கருத்து வேறுபடும் சகவிசுவாசியையோ குடும்பத்தாரையோ சத்துருவின் கருவி என்று ஜெபத்தில் பெயர் சொல்லிச் சாடுவது எந்த வகையில் நியாயம்? அதே நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில், சூரியன் அஸ்தமிக்கும் முன் கோபம் தணிய வேண்டும் என்று சொன்ன கையோடுதான் ‘பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்’ என்கிறார். ஆக, மன்னிக்க மறுக்கும் வீட்டுக்குள்ளேயே போர்க்களம் தொடங்கிவிடுகிறது.

வேதத்தைத் துண்டு துண்டாகக் கையாளும் ஆபத்தை மத்தேயு 4ஆம் அதிகாரத்திலேயே காண்கிறோம். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவைத் தாழக் குதிக்கச் சொல்லும் சோதனைக்காரனாகிய பிசாசு, தேவதூதர்கள் காப்பார்கள் என்னும் 91ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டுகிறான். ஆனால் ‘உன் வழிகளிலெல்லாம்’ என்ற சொற்கள் அவன் வாயில் வரவில்லை. இயேசுவோ அந்த வசனத்தை மறுக்காமல், தேவனைப் பரீட்சை பாராதிருக்கச் சொல்லும் உபாகமம் 6:16ஐ அதன் அருகில் வைத்துப் பதிலளிக்கிறார். வசனத்தை வசனத்தால் விளக்கும் இந்த முறையைத்தான் போதகர்கள் சபைக்குக் கற்றுத்தர வேண்டும்.

நோயாளியின் துன்பத்தை உடனே சாபம் என்று தீர்ப்பளிப்போர் பிறவிக் குருடனின் நிலைக்கு அவன் பாவமோ பெற்றோரின் பாவமோ காரணமல்ல என்று இயேசு சொல்லும் யோவான் 9:3ஐயும் சபையில் உரக்க வாசிக்கட்டும். மருந்தை நிறுத்தச் சொல்லும் துணிவு எவருக்கும் வேண்டாம்; பவுலின் உடன் ஊழியரான லூக்கா ஒரு வைத்தியர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்