வீட்டில் காய்ச்சிய பசையையும் பள்ளிகள் ஏற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூன் பிறந்ததும் மதுரையிலிருந்து என் மகள் ஒரு பட்டியலைக் கைப்பேசியில் அனுப்பினாள். பேத்தி யு.கே.ஜி. போகிறாள். 12 நிறத்தில் கிளே, பசைக் குச்சி நான்கு, போஸ்டர் கலர் ஒரு பெட்டி, மினுமினுப்புத் தூள் என்று நீண்டது. ஒவ்வொன்றுக்கும் எந்தக் கம்பெனி என்பதும் போட்டிருந்தது. கடையில் கூட்டிப் பார்த்தால் 1,340 ரூபாய். மருமகன் லாரி பட்டறையில் வேலை பார்க்கிறார். கட்டணம், சீருடை, காலணி என்று கட்டி முடித்த கையோடு இதுவும்.

எனக்கு அம்மாவின் பசைச் சட்டிதான் நினைவுக்கு வந்தது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஒட்டாத வீடு குறைவு. அம்மா அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டுவாள். குரோஸ் கணக்கில் கூலி. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பசை காய்ச்சுவது என் வேலை. ஒரு டம்ளர் மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். நாலு டம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது அதை ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். வெள்ளை வெளேரென்று இருக்கும் மாவு ஒரு கட்டத்தில் கண்ணாடி மாதிரி மினுங்கும். அப்போதே இறக்கிவிட வேண்டும். ஆற ஆற இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாக இருப்பதே நல்லது.

அம்மா அதில் காப்பர் சல்பேட் என்கிற மயில்துத்தமும் போடுவாள். பூச்சி அரிக்காது, பசை கெடாது. 1991-ல் நான் அங்கன்வாடியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அதே பழக்கத்தில் அப்படியே காய்ச்சிக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். மூன்று வயதுப் பையன் ஒருவன் விரலை விட்டு நக்கினான். சிறிது நேரத்தில் வாந்தி. தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினேன். மாலைக்குள் தெளிந்துவிட்டான், அவன் அம்மா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கான பசையில் மைதாவும் ஒரு சிட்டிகை உப்பும் தவிர வேறெதுவும் சேர்த்ததில்லை. இரண்டு நாளைக்கு மட்டும் காய்ச்சுவேன், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுவேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 'ஸ்லைம்' என்கிற கொழகொழப்பான விளையாட்டுப் பொருளைச் செய்ய, போராக்ஸ் எனப்படும் வெண்காரம் போடுங்கள் என்று வீடியோக்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அது வாய்க்குள் போனால் நஞ்சு. பிசையும் கையும் சிவந்து எரியலாம். வீட்டில் செய்தது என்பதற்காக எல்லாமே நல்லதாகிவிடாது. அடுப்படியில் சமையலுக்கு இல்லாத எதையும் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது.

கிளேவுக்குப் பதில் அங்கன்வாடியில் நாங்கள் பிசைந்தது மைதா மாவுதான். இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் தூள் உப்பு, இரண்டு கரண்டி எண்ணெய், பூரி மாவுப் பதத்துக்குத் தண்ணீர். மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு, அரைத்த முருங்கைக்கீரை என்று நிறத்துக்கு ஒன்று. உப்பு இவ்வளவு போடுவதால் சீக்கிரம் கெடாது. ஒருமுறை நக்கிய பிள்ளை மறுமுறை நக்காது. ஆனாலும் உருண்டையாக விழுங்கிவிடாமல் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் மாவு நீர் விட்டுக்கொண்டால் கொஞ்சம் மைதா தூவிப் பிசைந்தால் சரியாகும். இதற்கான மைதாவை நான் வீட்டிலிருந்துதான் கொண்டுபோனேன். மையத்துச் சத்துமாவைத் தொட்டதில்லை, அது பிள்ளைகள் வயிற்றுக்கு வந்தது.

பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மஞ்சள் காகிதம். பழைய நோட்டுத் தாளில் மஞ்சள்தண்ணீர் பூசிக் காயவைப்போம். மென்று நசுக்கிய வேப்பங்குச்சி நுனியை ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் தொட்டு இழுத்தால், கோடு போன இடமெல்லாம் சிவக்கும். ஆரத்தி கரைக்கும்போது சுண்ணாம்பு செய்வதும் இதேதான். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் சோடா. அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சள். சேர்ந்த நாளிலிருந்து வாய் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப்பெண், அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு "டீச்சர், இன்னொண்ணு" என்றாள். அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

போன வாரம் நான் மகள் வீட்டில் இருந்தபோது பேத்தி ஒரு எவர்சில்வர் டப்பாவில் மைதாப் பசை கொண்டுபோனாள். நான்தான் காய்ச்சிக் கொடுத்தேன், கரைத்தது அவள். பட்டியலில் உள்ளதைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழந்தை டப்பாவைத் திறக்காமலே என்னிடம் நீட்டினாள்.

பள்ளிகளை நான் கேட்பது இவ்வளவுதான். பட்டியலில் கம்பெனிப் பெயர் போடாதீர்கள். "பசை" என்று மட்டும் எழுதுங்கள். வாங்கியதோ காய்ச்சியதோ, வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்திலும் வாரம் ஒரு செய்முறை போடலாம். எதைச் சேர்க்கக் கூடாது என்பதையும் அதே இடத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

செய்து பார்க்க விரும்பும் பள்ளி சாத்தூர்ப் பக்கம் எதுவாக இருந்தாலும் வந்து காய்ச்சிக் காட்டுகிறேன். சட்டியும் மைதாவும் நானே கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
சாத்தூர், விருதுநகர் மாவட்டம்.