ஆத்தாவின் பட்டன்

அம்மிணி,

ஆத்தாவுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வருகிறாள். இதை வாட்ஸப்பில் போட்டேன், நீ கட்டைவிரல் போட்டாய். மூன்று வாரமாக உன்னிடமிருந்து வருவதெல்லாம் கட்டைவிரல்தான். வேலை ஜாஸ்தியாக இருக்கும். சரி, இருக்கட்டும். நான் எழுத வந்தது பட்டன் கணக்கு.

ஆபத்தில் அமுத்தினால் நம்மைக் கூப்பிடட்டும் என்று நீ வாங்கி ஆத்தாவுக்கு மாட்டிவிட்டுப் போன அந்தப் பட்டனுக்குள் இருக்கும் சிம்முக்கு மாதம் 199 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தேன். மாதம் என்பது பேருக்குத்தான், 28 நாள். வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை என்று நினைத்தால் பதின்மூன்று வருகிறது, 2,587 ரூபாய். 2024 ஜூலையில் விலை ஏற்றுவதற்கு முன்னால் இதே பேக் 179. இதில் 2 ஜிபி டேட்டா வேறு சேர்த்து விற்கிறார்கள். பட்டன் எந்த டேட்டாவைக் கண்டது? 2ஜியில் கூப்பிடத் தெரியும், அவ்வளவுதான். உன் அம்மா ஜியோ சிம் போட்டால் மிச்சமாகுமே என்றாள். ஜியோவில் 2ஜியே கிடையாது, பட்டன் செத்த எலி மாதிரிக் கிடக்கும் என்று சொல்லித் தடுத்தேன்.

டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் வைக்கணும், 365 நாள் வரைக்கும் கொடுக்கலாம் என்று போன் கம்பெனிகளைக் கட்டி மேய்க்கும் டிராய் 2024 டிசம்பரிலேயே சொல்லிவிட்டதாம். கடையில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. களத்துக்குக் கொப்பரை ஏற்ற வந்த லாரி டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது வருஷத்துக்கும் சேர்த்து ஒரே தடவையாகப் போட்டுவிட்டேன். இதற்கு நீ பணம் அனுப்பாதே. ஊரார் கொப்பரைக்கெல்லாம் கணக்கெழுதுகிறவனுக்கு இந்தக் கணக்கு கட்டாதா?

ராத்திரி போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கு. தலைமாட்டில் வைக்காதே.

உங்கள் இங்கிலாந்தில் பக்கத்து வீட்டுக் கிழவி பட்டனை அமுத்தினால் ஒரு சென்டரில் ஆள் எடுத்துப் பேசுவார் என்றாயே. பழைய தாமிரக் கம்பி லைனை 2025 டிசம்பரோடு நிறுத்துவதாக இருந்து, பட்டன் போட்டவர்களையும் நினைத்து 2027 ஜனவரிக்குத் தள்ளினார்கள் என்றும் சொன்னாய். இங்கே நாம்தான் சென்டர். பட்டன் வரிசையாக மூன்று எண்களைக் கூப்பிடும், யாராவது எடுத்தால் நின்றுவிடும். எடுத்தது மனுஷனா வாய்ஸ் மெயிலா என்று பார்க்க அதற்குத் தெரியாது. "சொல்லுங்க" என்றாலும் ஒன்றுதான், பீப் என்றாலும் ஒன்றுதான். வேலை முடிந்ததென்று படுத்துக்கொள்ளும்.

நீ வரிசை போட்டுத் தந்தபோது நான் முதல், சித்தப்பா இரண்டாவது, சும்மா இருக்கட்டும் என்று உன் எண் மூன்றாவது.

மாட்டுக் கட்டுத்தறியில் ஆத்தா விழுந்த அன்றைக்கு, விடியக்காலை ஐந்தே முக்காலுக்குச் சார்ஜில் கிடந்த போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். அம்மிணி, என் போன் அடிக்கவேயில்லை.

பங்குனியிலேயே வரிசையை மாற்றிவிட்டேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை கூப்பிடுவாள். மோட்டார் போட்டாயா, எருமைக்காரன் கொறங்காட்டுப் படலைத் திறந்து போட்டுவிட்டான், சிவன்மலைக் கோயில் உத்தரவுப் பெட்டியில் இப்போது என்ன வைத்திருக்கிறார்கள். எடை போடும் நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவாள். எனக்கு மாட்டு மணியைக் கட்டிவிட்டீர்கள், மாடு ஆட்டத்தானே செய்யும் என்று சிரிப்பாள். ஒருநாள் எரிச்சலில் கடைப் பையனைக் கூட்டிப்போய் பட்டனுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வைத்து உன் எண்ணை முதலில் போட்டேன், என்னுடையதை மூன்றாவதில். அன்லிமிடெட் பேக்கில் வெளிநாட்டுக்குப் பேசும் ஐஎஸ்டி வராதே, அதனால் தனியாக நூறு ரூபாயும் ஏற்றினேன். "இனி அமுத்தினா நேராச் சீமைக்குப் போகும், நிமிசத்துக்குக் காசு புடிக்கும்" என்று ஆத்தாவிடம் சொன்னேன். அதோடு அவள் அமுத்துவதை நிறுத்திவிட்டாள். நிம்மதி என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கு உனக்கு ராத்திரி ஒன்றேகால் மணி. அந்நேரத்துக்கு யார் முழித்திருப்பார்கள்? எடுத்தது உன் வாய்ஸ் மெயில், பட்டன் நின்றுவிட்டது. ஏழரைக்குப் பால்காரர் வந்து பார்க்கும் வரைக்கும் சாணி ஈரத்தில் கிடந்திருக்கிறாள். நீ வாய்ஸ் மெயிலில் என்ன கேட்டாய் என்று நான் கேட்க மாட்டேன். அதை அழித்துவிடு.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ஆத்தா சொன்னதை உன் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. விழுந்ததுமே அமுத்தவில்லையாம். "சீமைக்குக் காசாகுமேன்னு கொஞ்ச நேரம் அப்படியே கெடந்தேன், எந்திரிச்சுக்கலாம்னு பார்த்தேன்" என்றாள். எழுபத்தெட்டு வயசில் இடுப்பெலும்பு உடைந்து கிடக்கும்போது அவள் யோசித்தது என் நூறு ரூபாயை. அப்பாரு இருந்திருந்தால் என்னை அந்தக் கட்டுத்தறியிலேயே கட்டிப்போட்டிருப்பார்.

இப்போது பால்காரர் முதலில், அவர் இரண்டு தோட்டம் தள்ளித்தான் இருக்கிறார். நான் இரண்டாவது, சித்தப்பா மூன்றாவது. மூன்று போனிலும் வாய்ஸ் மெயில் இல்லை, நானே கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். அவளிடம் ஒரு பட்டன் போனும் கொடுத்திருக்கிறேன். 5ஐயோ 9ஐயோ அமுத்திப் பிடித்தால் அவசர எண் 112க்குப் போகும், 2017இலிருந்து விற்கும் போனில் இது இருந்தே ஆகணுமாம். 112க்கும் 108க்கும் காசு கிடையாது என்று தினமும் சொல்கிறேன். "நெசமாவா?" என்று தினமும் கேட்கிறாள்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கு என்றேனே, மறக்காதே.

உன் எண்ணை எடுத்ததில் ஆத்தாவுக்கு என்மேல் கோபம். சும்மாவே கிடக்கும் சிம்மை 90 நாளில் கம்பெனிக்காரன் பிடுங்கிக்கொள்ளலாம் என்பதால் மாதம் ஒரு தடவை அமுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு தடவைக்கு மட்டும் உன் எண்ணை முதலில் போடு என்கிறாள். கடைப் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு அமுத்துவாள். உனக்கு மத்தியானம் ஒரு மணி. ஐஎஸ்டிக்கு இருநூறு ரூபாய் ஏற்றியிருக்கிறேன்.

அப்பா