வரி குறைக்கிறண்டா டயர் டியூப்ல குறைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தார், வேலைக்கு சைக்கிள்ல போற ஆக்களுக்கு வெளிநாட்டுல மாதிரி வருமான வரியில சலுகை குடுக்கணும் எண்டு. நல்ல மனசோடதான் எழுதியிரிக்கார். வாசிச்சொடன எனக்கும் சந்தோசம், ஏனெண்டா சைக்கிளப் பத்தி பேப்பர்ல ஆரும் எழுதுறதே இல்ல. ஆனா ரெண்டாந்தரம் வாசிக்கக்குள்ள மனசுக்குச் சரியாப் படல்ல. நான் மட்டக்களப்பு ஆரையம்பதியில 26 வருசமா சைக்கிள் திருத்துற கடை வச்சிரிக்கன், வேலைக்கு சைக்கிள்ல போறது ஆரு எண்டு எனக்கு முகம் முகமாத் தெரியும். அவர் கேக்கிற சலுகை அந்த முகங்கள்ல ஒண்டுக்கும் போய்ச் சேராது, அதச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காலத்தால ஆறு மணிக்கு முன்னமே கடை திறந்திருவன். அந்த நேரம் காத்தடிக்க வாறது மேசன்மார், மேசன்மாருக்குக் கையாளாப் போற பொடியன்மார், காத்தான்குடியில கடையள்ல நிக்கிற ஆக்கள், கரியர்ல பெட்டி கட்டி மீன் விக்கப் போறவங்க, தைக்கப் போற புள்ளைகள். வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரையில இருந்து அம்பிளாந்துறைப் பாதையில, அதாவது வாவியக் கடக்கிற மிதவையில, சைக்கிள ஏத்தி குருக்கள்மடத்தில இறங்கி அங்கிருந்து மிதிச்சு வாற ஆக்களும் இரிக்காங்க, மண்முனையில 2014ல பாலம் திறந்தாப்பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆக்கள் இன்னும் கூட வாறாங்க, முந்தி அங்கயும் பாதைதான். இவங்கள்ல வருமான வரி கட்டுற ஆள் ஒராளக் காட்டுங்க பாப்பம்.

2025 ஏப்ரல்ல இருந்து மாசம் 150,000 ரூபாவுக்கு மேல எடுக்கிற ஆளுக்குத்தான் வருமான வரி. தனியார் துறையில ஆகக் குறைஞ்ச சம்பளத்த அதே ஏப்ரல்ல கூட்டி 27,000 ஆக்கினாங்க. கூலி வேலைக்குப் போறவனுக்கு அந்தச் சம்பளச் சிட்டையும் இல்ல. இப்ப ஒரு கணக்குப் பாருங்க, 60,000 ரூபாவுக்கு ஒரு சைக்கிள் வாங்கி அந்தக் காச வரிக்குரிய வருமானத்தில கழிக்கலாம் எண்டு வச்சா, 36 வீத வரி கட்டுற பெரிய உத்தியோகத்தருக்கு 21,600 ரூபா மிச்சம், 6 வீதம் கட்டுறவருக்கு 3,600, மேசனுக்கு ஒரு சதமும் இல்ல. அதே சைக்கிள்தான், அதே ரோட்டுத்தான். காசு கூட உள்ளவனுக்குக் கூடச் சலுகை, ஒண்டுமில்லாதவனுக்கு ஒண்டுமில்ல. இத எப்பிடி நியாயம் எண்டு சொல்றது?

வெளிநாட்டுல நடக்குதே எண்டு அந்த வாசகர் கேக்கலாம். என்ட அக்காட மகன் லண்டன்ல ஒரு ஒஃபிஸ்ல வேலை செய்றார், அவர் அங்க இரிக்கிற 'சைக்கிள் டு வேர்க்' எண்ட வரிச் சலுகைத் திட்டத்திலதான் சைக்கிள் எடுத்தவர், அவரிட்டயே கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டன். 1999ல கொண்டு வந்த சட்டம் அது. சைக்கிள்ட காச வரி வெட்ட முதலே சம்பளத்தில கொஞ்சம் கொஞ்சமாக் கழிப்பாங்களாம், அதால சாதாரண வரி கட்டுற ஆளுக்கு எல்லாம் சேத்து 28 வீதம் மிச்சம், கூட வரி கட்டுற ஆளுக்கு 42 வீதம். ஆகக் குறைஞ்ச சம்பளத்துக்கு வேலை செய்ற ஆளால சேரவே ஏலாது, ஏனெண்டா கழிச்சாப்பிறகு சம்பளம் சட்டம் சொல்ற அளவுக்குக் கீழ போயிரும். சொந்தமாத் தொழில் செய்றவங்களும் அதுக்குள்ள வரமாட்டாங்க, நாள் முழுக்க சைக்கிள்ல சாப்பாட்டுப் பார்சல் கொண்டு போய்க் குடுக்கிற பொடியன்மார் கனபேர் அந்தக் கூட்டந்தான். அமெரிக்காவில 2009ல இருந்து சைக்கிள்ல வேலைக்குப் போறவருக்கு மாசம் 20 டொலர் வரியில்லாமக் குடுக்கலாம் எண்டு வச்சிரிந்தாங்க, 2018ல அதையும் நிப்பாட்டினாங்க. இதுகளப் பாத்து நாம கொப்பி அடிக்கத் தேவையில்ல. பாக்கிறண்டா போர்த்துக்கல்லப் பாக்கலாம், அங்க 2023ல சைக்கிளுக்கான வற்ற, அதாவது பெறுமதி சேர் வரிய, 23 வீதத்தில இருந்து 6 வீதமாக் குறைச்சாங்க. கடையிலயே விலை குறையும், சம்பளச் சிட்டை ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.

நானும் அதத்தான் சொல்றன், ஆனா அதிலயும் ஒரு திருத்தம் இரிக்கி. புதுச் சைக்கிளுக்குக் குறைக்கிறது ரெண்டாவது வேலை. முதல்ல குறைக்க வேண்டியது டயர், டியூப், செயின், ஃப்ரீவீல், ப்ரேக் கட்டை, இதுகளுக்கு.

ஏனெண்டு சொல்றன். 2022 எல்லாருக்கும் ஞாபகம் இரிக்கும். ஜூன் மாசம் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா, அந்த விலைக்கும் கிடைக்கல்ல, மறுகா கியூஆர் கோட் பங்கீடு வந்து மோட்டர்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் எண்டு தொடங்கினாங்க. அப்ப என்ட கடைக்கு முன்னுக்கு நிக்க இடமில்ல. கோழிக்கூட்டுக்குப் பின்னால கிடந்த அப்பாட ராலி, துரு ஏறிப்போன லுமாலா, மகள் ஸ்கூல் போன சின்னச் சைக்கிள், எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு வந்தாங்க. கச்சேரியில, அதான் மாவட்டச் செயலகத்தில, வேலை செய்ற ஐயாமார், டீச்சர்மார், பேங்க்ல இரிக்கிற தம்பிமார் எல்லாரும் கல்லடிப் பாலத்தால சைக்கிள்ல போனாங்க, எனக்கு அதப் பாக்க ஆசையாவும் இரிந்திச்சு. ஆனா திருத்திக் குடுக்கச் சாமான் இல்ல. டொலர் இல்லாம ஒண்டும் வரல்ல, வந்ததும் ஆனை விலை. ராவிராவா இருந்து பழைய டியூப வெட்டி ஒட்டிக் குடுத்தன், ரெண்டு பழைய சைக்கிளக் கழட்டி ஒண்டாக்கிக் குடுத்தன்.

பெற்றோல் திரும்ப வந்திச்சு, அந்தச் சைக்கிள் எல்லாம் திரும்பக் கோழிக்கூட்டுக்குப் பின்னாலதான் போச்சு. நான் ஆரையும் குத்தம் சொல்லல்ல, வெயில் அப்பிடி, தூரம் அப்பிடி. ஆனா மோட்டர்சைக்கிள் வச்சிரிக்கிற ஆளுக்குப் புதுச் சைக்கிள மலிவாக் குடுத்தா என்ன நடக்கும் எண்டு நாங்க கண்ணால பாத்துட்டம். 2022க்கு முன்னமும் சைக்கிள், பிறகும் சைக்கிள் எண்டு இரிக்கிறவங்கதான் இண்டைக்கும் காலத்தால என்ட கடைக்கு வாறாங்க. அவங்களுக்குச் சைக்கிள் இரிக்கி, அத ஓட்டி வச்சிரிக்கத்தான் ஏலாமக் கிடக்கு.

கடக்கரையில உப்புக்காத்துக்கு ரிம் துருப் பிடிக்கும், ஸ்போக்ஸ் ஒவ்வொண்டா உடையும். படுவான்கரைப் பக்கம் கிறவல் ரோட்டு, வயல் வட்டைக்குப் போற வழியெல்லாம் முள்ளு. கரியர்ல ஒரு சீமந்துப் பேக் ஏத்தினா 50 கிலோ, அதுக்கு மேல ஆளுட பாரம், பின் டயர் எத்தின நாளைக்குத் தாங்கும்? தினம் ஓடுற ஆளுக்கு ஒரு டயர் வருசம் முழுக்க வந்தாப் பெரிய விசயம். "அண்ணே, இந்தமுறை ஒட்டித் தாங்க, சனிக்கிழமை சம்பளம் எடுத்தொடன டியூப் போடுவம்" எண்டு சொல்லிச் சொல்லியே ஒட்டுக்கு மேல ஒட்டுப் போட்டு ஓடுறவங்க இரிக்காங்க, சொலூசன் பூச இடமில்லாத டியூப். வெடிச்ச டயருக்குள்ள பழைய டயர்த் துண்ட வச்சி ஓடுறாங்க, ப்ரேக் கட்டை தேஞ்சி ரிம்மில இரும்பு உரசுது. தைக்கப் போற ஒரு புள்ள, என்ட மகள்ட வயசுதான் இரிக்கும், முன் டயர் வெடிச்சி மத்தியானம் வரைக்கும் வேலைக்குப் போகேலாமப் போய் அரைநாள் சம்பளத்த வெட்டிப்போட்டாங்க, அந்த அரைநாள் காசு அவ போடாம இழுத்துக்கிட்டு இரிந்த டியூப்ட விலையிலயும் கூட. அண்டைக்கு என்ட கடை வாங்குல இரிந்து அழுதவ, எனக்கு இப்பயும் மனசு கேக்குதில்ல.

அந்த டியூபுக்கும் வற் இரிக்கி. 2022 தொடக்கத்தில 8 வீதமா இரிந்தது, அந்த வருசமே 12, மறுகா 15, 2024 ஜனவரியில இருந்து 18. நான் குடுக்கிற பில்லில வற் எண்டு ஒரு வரியும் இராது, என்ட சின்னக் கடை அதுக்குப் பதிவே இல்ல, ஆனா கொழும்புல இறக்கக்குள்ளயே அது விலையோட சேந்துதான் வருது. வற் சேக்க முதல் 1,500 ரூபா டயர் எண்டா வற் மட்டும் 270 ரூபா. சைக்கிள்காரன் அரசாங்கத்துக்கு ஒண்டும் கட்டுறதில்ல, ரோட்ட மட்டும் பாவிக்கிறான் எண்டு சொல்ற ஆக்கள் இரிக்காங்க. ஒவ்வொரு டயருக்கும் கட்டுறான் ஐயா, அரிசி பருப்பு வாங்கேலாத கிழமையிலயும் கட்டுறான்.

மோட்டர்சைக்கிள்காரனுக்கு இல்லாத சலுகை இவனுக்கு ஏன் எண்டும் கேப்பாங்க. மோட்டர்சைக்கிள் குடிக்கிற பெற்றோல் டொலர் குடுத்து வாங்குறது, சைக்கிளுக்கு அது தேவையில்ல, அதுவே காணும். அதோட இந்த நாட்டுல எம்.பி.மாருக்கும் பெரிய அதிகாரிமாருக்கும் வாகனப் பெர்மிட்டெண்டு லட்சக்கணக்கா வரிய விட்டுக் குடுத்தது எல்லாருக்கும் தெரியும். ஒரு வாகனத்துக்கு விட்ட காசுல எத்தின ஊருக்கு டயர் போடலாம் எண்டு யோசிச்சுப் பாக்கணும்.

திறைசேரிக்கு வருமானம் குறையும், ஐஎம்எஃப் விடாது எண்டு சொல்றதில கொஞ்சம் நியாயம் இரிக்கி, அதால லட்சக்கணக்கான விலையில வாற ரேஸ் சைக்கிளுக்கெல்லாம் வரியக் குறைக்கச் சொல்லி நான் கேக்கல்ல. சாமானுக்கு மட்டும் குறைச்சாக் காணும். களவு நடக்கும் எண்டு பயப்படவும் தேவையில்ல, சுங்கத்தில சைக்கிள் டயருக்குத் தனி இலக்கமே இரிக்கி, 4011.50, டியூபுக்கு 4013.20, கார் டயரக் கொண்டு வந்து அதுக்குள்ள போடேலாது.

எனக்குள்ள ஒரே பயம், குறைச்ச வரி நடுவில நிண்டிரும் எண்டதுதான். 2019 டிசம்பர்ல வற்ற 15ல இருந்து 8 ஆக்கினாங்க, எனக்குச் சாமான் தாற லொறிக்காரர் ஒரு ரூபாவும் குறைக்கல்ல, பழைய ஸ்டொக் எண்டார். 2024 ஜனவரியில 18 ஆகக்குள்ள அதே பழைய ஸ்டொக்குக்கு முதல் கிழமையே புது விலை. அதால வரியக் குறைக்கிற அண்டைக்கே நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை அரிசிக்குப் போட்ட மாதிரி 26 இஞ்சி, 28 இஞ்சி டயருக்கும் டியூபுக்கும் உச்ச விலை போடணும். எனக்கும் அந்த விலைதான், கூட்டி வித்தா என்னையும் பிடிக்கட்டும். டயர் மலிஞ்சா எனக்கு விக்கிறதில யாவாரம் கூடும், பஞ்சர் ஒட்டுறதில குறையும், அத மறைக்க வேண்டியதில்ல.

எங்கட மாவட்டத்து எம்.பி.மார் இதப் பட்ஜெட்டுக்கு முதல் நிதியமைச்சுல போய்ப் பேசணும். ஒருக்கா வந்து காலத்தால ஆறு மணியில இருந்து ஏழு மணி வரைக்கும் என்ட கடை வாங்குல இரிந்து பாத்தா என்ன கேக்கிறதெண்டு அவங்களுக்கே விளங்கும், தேத்தண்ணி நான் தாறன்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரன்,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.